கச்சான் காலத்தில் இரையும் லப்டொப்

கேள்வி:

நான் உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். பின்னேரம் நாலு மணிக்கு வீட்டில் ஒரு வகுப்பு, இரவு ஏழு மணிக்கு சூமில் இன்னொரு வகுப்பு. என்னுடைய லப்டொப் கொழும்பில் பழையதாக வாங்கியது. வாங்கி மூன்று வருடம் ஆகிறது. மாசி, பங்குனியில் சத்தமில்லாமல்தான் இருந்தது. கச்சான் காற்று தொடங்கிய பிறகு, சூமைத் திறந்து பத்து நிமிடம் போகமுன் விசிறி இரையத் தொடங்கிவிடுகிறது. கூடுகிறது, குறைகிறது, திரும்பக் கூடுகிறது. "மிஸ், அங்க மழையா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இங்கே மழையைக் கண்டே மாதக்கணக்காகிறது.

கை வைக்கிற இடமும் சுடுகிறது. விசிறியின் வேகத்தை நாமே கூட்டிக் குறைக்க மென்பொருள் இருப்பதாகத் தம்பி சொல்கிறான். வகுப்பு நேரத்தில் விசிறியை நிறுத்திவிட்டு, முடிந்ததும் முழு வேகத்தில் ஓட விடலாம் என்பது அவனுடைய யோசனை. கடையில் கேட்டால், எப்போதும் முழு வேகத்தில் ஓட விடுங்கள், அதுதான் நல்லது என்கிறார்கள். இரண்டில் எது சரி? கீழே வைக்கிற கூலிங் பாட் வாங்கினால் பயன் உண்டா? புதிய லப்டொப் வாங்குகிற வசதி இப்போதைக்கு இல்லை.

ஓர் ஆசிரியை, உப்புவெளி, திருகோணமலை

பதில்:

தங்கச்சி, இரண்டு யோசனையும் வேண்டாம். சூம் ஓடும்போது விசிறியை நிறுத்தினால் வகுப்பே நின்றுபோகும். எப்போதும் முழு வேகத்தில் ஓட விட்டால், கடற்கரையில் இருக்கிற உங்களுக்கு வேறொரு கேடு வரும். அதைக் கீழே சொல்கிறேன். உள்ளே உண்டாகிற சூட்டைக் குறைத்து, காற்று போகிற வழியைத் திறந்துவிட்டால் விசிறி தானாகவே மெதுவாகும். இவ்வளவையும் செய்த பிறகும் இரைச்சல் மிஞ்சினால்தான் வேகத்தில் கை வைக்க வேண்டும்.

விசிறியை விண்டோஸ் ஓட்டுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான லப்டொப்களில் அந்த வேலைக்குத் தாய்ப்பலகையில் தனியாக ஒரு சிறிய சில்லு இருக்கிறது. எம்பெடட் கொன்ட்ரோலர் என்பார்கள். விசைப்பலகையையும் பற்றரி சார்ஜ் ஏறுவதையும் கவனிப்பது பெரும்பாலும் அதுவேதான். விண்டோஸ் உறைந்து நின்றாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறும் அருகருகே இருந்தும் ஒவ்வொன்றிலும் சூடு வேறாக இருப்பதுபோல, கணினிக்குள்ளும் புரோசெசரில் ஒரு சூடு, எஸ்.எஸ்.டி.யில் ஒரு சூடு, பற்றரியில் ஒரு சூடு. அந்தந்த இடத்து உணரிகள் சொல்கிற அளவுகளை இந்தச் சில்லு வாங்கி, இன்ன சூட்டுக்கு இன்ன வேகம் என்று தயாரித்த கம்பனி எழுதிவைத்த அட்டவணையோடு ஒப்பிட்டு விசிறியை ஓட்டுகிறது. நீங்கள் கேட்கிற கூடிக் குறைகிற சத்தம், சூடு அந்த அட்டவணையின் ஒரு படிக்கு மேலும் கீழும் மாறி மாறிப் போய்வருவதால் வருகிறது.

அந்த அட்டவணைக்கு நம்முடைய ஆனி, ஆடி மாதம் தெரியாது. ஆப்பிள் தன் மக்புக்குகளைப் பாவிக்கலாம் என்று சொல்கிற அறை வெப்பநிலை 10 முதல் 35 பாகை செல்சியஸ் வரை. மற்றக் கம்பனிகள் பலவும் மேல் எல்லையை 35 என்றே வைக்கின்றன. கச்சான் வீசுகிற நாட்களில் திருகோணமலையின் மத்தியானம் அந்த எல்லையில்தான் நிற்கிறது. தகரம் அல்லது அஸ்பெஸ்டஸ் கூரைக்குக் கீழே உள்ள அறையில் அதையும் தாண்டும். இரவு ஏழு மணிக்கு வெளியே ஆறினாலும், பகலெல்லாம் சூடேறிய கூரையும் சுவரும் அந்தச் சூட்டை அறைக்குள் விட்டுக்கொண்டே இருக்கும்.

விசிறி காற்றைக் குளிராக்குவதில்லை. அறையில் உள்ள காற்றை இழுத்துச் சூடான தகடுகளுக்கு ஊடாகத் தள்ளுகிறது, அவ்வளவுதான். அது எவ்வளவு சூட்டை எடுத்துப் போகும் என்பது சூடான பாகத்துக்கும் காற்றுக்கும் இடையிலான வித்தியாசத்தில் தங்கியிருக்கிறது. புரோசெசர் 95 பாகையிலும் அறை 25 பாகையிலும் இருந்தால் வித்தியாசம் 70. அதே அறை 35 ஆனால் வித்தியாசம் 60. அதே விசிறி, அதே வேகம், ஆனால் வெளியே போகிற சூட்டில் ஏழில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. அதை ஈடுகட்டத்தான் விசிறி இரைகிறது. மாசியில் அமைதியாக இருந்த அதே கணினி ஆனியில் சத்தம் போடுவதற்குப் பாதிக் காரணம் இது. மற்றப் பாதி தூசி.

தம்பியின் யோசனைக்கு வருகிறேன். பல இன்ரெல் லப்டொப் புரோசெசர்களுக்கு 100 பாகைதான் மேல் எல்லை. அதை எட்டியதும் புரோசெசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இன்னும் ஏறினால் கணினி அணைந்துவிடும். ஆகவே விசிறியை நிறுத்தியதால் புரோசெசர் எரிந்துபோவது அரிது. ஆனால் படம் உறையும், குரல் வெட்டும், பிள்ளைகள் நீங்கள் எழுதுகிற சமன்பாட்டைப் பாதியில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தன்னைக் காத்துக்கொள்ளப் புரோசெசருக்குத் தெரியும், பக்கத்தில் இருக்கிற பற்றரிக்கு அந்த வசதி குறைவு. லித்தியம் பற்றரி சூட்டில் வேகமாக முதுமையடைகிறது. நூறு வீதச் சார்ஜிலேயே எப்போதும் வயரில் கிடந்தால் இன்னும் மோசம். ரச்பாட் மேலே எழும்பி நிற்கிறது, மூடி சரியாகப் பொருந்தவில்லை என்று கொண்டுவரப்படும் லப்டொப்பைத் திறந்தால் பெரும்பாலும் உள்ளே பற்றரி உப்பியிருக்கும். அந்த அடையாளத்தை எங்கே கண்டாலும் அன்றே பாவனையை நிறுத்திவிடுங்கள்.

இனி, கடைக்காரர் சொன்ன முழு வேகம். கண்டியிலோ நுவரெலியாவிலோ இருந்து நீங்கள் எழுதியிருந்தால், விசிறியின் பெயரிங் சீக்கிரம் தேயும் என்பதோடு விட்டிருப்பேன். உப்புவெளிக்கு அது போதாது. விசிறி வேகமாகச் சுழலச் சுழல அறைக்காற்று அதிகமாக உள்ளே போகிறது, காற்றில் உள்ளதும் சேர்ந்து போகிறது. உங்கள் காற்றில் இருப்பது உப்பு.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற ஊர்களுக்கு எழுதப்படுகிற ஆலோசனைகளில் இது வருவதில்லை. அலை உடைகிற இடத்தில்தான் உப்புத் துளிகள் காற்றில் ஏறுகின்றன. உட்துறைமுகத்தில் தண்ணீர் அடங்கிக் கிடக்கிறது. அந்தப் பக்கத்து வீடுகளுக்கு உப்பு குறைவு. உப்புவெளி, நிலாவெளிக் கரை திறந்த கடலைப் பார்த்து நிற்கிறது. கரையிலிருந்து முதல் சில நூறு மீற்றருக்குள் உப்பின் அளவு மிக அதிகம், உள்ளே போகப் போக வேகமாகக் குறையும். உங்கள் யன்னல் கம்பிகள் எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கின்றன என்று பாருங்கள். அதுதான் கணினிக்குள்ளும் நடக்கிறது.

இரண்டு காற்றும் சேர்ந்து இதைச் செய்கின்றன. கச்சான் தரைப்பக்கத்திலிருந்து வருகிறது. காய்ந்த புழுதியைக் கொண்டுவந்து உள்ளே நிரப்புகிறது. ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்று கடலிலிருந்து வருகிறது. அலை பெரிதாகி, உப்பும் ஈரமும் நேரே வீட்டுக்குள் வருகின்றன. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டியதும் ஈரத்தை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடும். வாடைக்காலத்தில் நம்முடைய ஈரப்பதன் நாளின் பெரும்பகுதி அதற்கு மேல்தான். கச்சான் கொண்டுவந்த புழுதியில் இந்த உப்புநீர் ஊறினால், அது மின்சாரம் கடத்துகிற படிவாக மாறுகிறது. புரோசெசரின் சூட்டைத் தகடுகளுக்குக் கொண்டுபோகிற செம்புக் குழாயில் பச்சைக் களிம்பு ஏறுகிறது, அலுமினியத் தகட்டில் வெள்ளைத் தூள் பூக்கிறது, விசிறியின் சிறிய இணைப்பிக் கால்கள் கறுக்கின்றன. தேவையில்லாமல் முழு வேகத்தில் ஓடுகிற விசிறி இவ்வளவையும் தேவைக்கு மேல் இழுத்துப் போடுகிறது.

ஆகவே உங்கள் முதல் வேலை துப்புரவு. பின்மூடியைத் திறக்காமல், காற்று வெளியேறும் துவாரத்தால் டோர்ச் அடித்துப் பார்த்தால் தகடுகள் சுத்தமாகத்தான் தெரியும். பலர் அங்கேயே ஏமாறுகிறார்கள். அழுக்குப் படிவது மறுபக்கத்தில், விசிறிக்கும் தகடுகளுக்கும் இடையில். அந்தத் தகடுகள் ஒரு மில்லிமீற்றர் அளவு இடைவெளியில் நெருங்கி நிற்பவை. உடுப்பின் நூல், தலைமயிர், புழுதி எல்லாம் அந்த முகப்பில் வந்து தடைபட்டு, சாம்பல் நிறத்தில் ஒரே படையாகிவிடும். விசிறியைக் கழற்றினால் அதை இடுக்கியால் ஒரு துண்டாகவே உரித்தெடுக்கலாம். கடற்கரை வீட்டுக் கணினி என்றால் விரலில் பிசுபிசுக்கும். அந்தப் படை இருக்கும்வரை வேகத்தைக் கூட்டினால் சத்தம் கூடும், காற்று கூடாது.

நீங்களே செய்யப் போகிறீர்களென்றால் கணினியை முற்றாக அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பின்மூடியைத் திறந்ததும் முதலில் பற்றரியின் இணைப்பை எடுத்துவிடுங்கள். விசிறி சுழலாமல் ஓர் ஈர்க்கால் பிடித்துக்கொண்டு, மெல்லிய காய்ந்த பிரஷால் தட்டுங்கள். பிடிக்காமல் காற்றடித்தால் விசிறி தன் அளவுக்கு மீறிச் சுழன்று பெயரிங் கெடும், அந்தச் சுழற்சியில் உண்டாகிற மின்சாரம் பலகைக்கும் போகும். வாயால் ஊத வேண்டாம், எச்சில் ஈரம் உள்ளே போகும். பெற்றோல் செட்டில் ரயருக்குக் காற்றடிக்கிற குழாயைப் பிடிக்கிற பழக்கம் நம்மூரில் இருக்கிறது. அந்த அழுத்தம் மிக அதிகம், அந்தக் குழாயில் தண்ணீரும் எண்ணெயும் வரும். விசிறி கரகரக்கிறது என்று தேங்காய் எண்ணெய் விடுவதும் வேண்டாம். ஒரு கிழமை சத்தம் அடங்கும், பிறகு அந்த எண்ணெயில் தூசி ஒட்டி இறுகிவிடும். கை நடுங்கினால் ஒரு திருத்துநரிடம் கொடுங்கள், ஆனால் நீங்கள் பார்க்கும்போதே விசிறியைக் கழற்றச் சொல்லுங்கள்.

இப்போதே ஒரு முறை துப்புரவு செய்யுங்கள். இனி வருடாவருடம் செய்ய ஏற்ற காலம் ஆவணிக் கடைசி, புரட்டாதி. கச்சான் அடங்கும் நேரம், வாடை இன்னும் தொடங்காது. புழுதியில் உப்பு ஈரம் ஊறமுன் எடுத்துவிடலாம். அலைச்சத்தம் கேட்கிற தூரத்தில் வீடு என்றால் வாடை முடிந்ததும் இன்னொரு முறை.

கூலிங் பாட் பற்றிக் கேட்டீர்கள். லப்டொப்பைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். விசிறிக்கு நேரே காற்றிழுக்கும் துவாரம் இருந்தால் பாட் கொஞ்சம் உதவும். துவாரம் பக்கவாட்டிலோ விசைப்பலகை வழியாகவோ இருந்தால் பெரிய பயன் இல்லை, மேலதிகமாக இரண்டு விசிறியின் சத்தம் மட்டும் சேரும். காசைச் செலவழிக்கமுன், பின்பக்க இரண்டு கால்களின் கீழும் போத்தல் மூடி வைத்து இரண்டு சென்ரிமீற்றர் உயர்த்திப் பாருங்கள். அடித் துவாரத்துக்கு மூச்சு கிடைக்கும். பாட் தருகிற பயனில் பெரும்பங்கு இதிலேயே கிடைத்துவிடுகிறது. மெத்தை, தலையணை, மேசை விரிப்பு எதன் மேலும் வைக்க வேண்டாம். சுவரோடு ஒட்டி வைத்தால் வெளியே போன சூடான காற்றே திரும்ப உள்ளே வரும். கடலைப் பார்த்த யன்னலுக்குக் கீழே உங்கள் மேசை இருந்தால், அறையின் மறுபக்கத்துக்கு மாற்றுங்கள்.

அடுத்தது சூட்டை அது உண்டாகிற இடத்திலேயே குறைப்பது. சத்தத்தை அடக்க இதைவிடப் பலன் தருகிற வழி எனக்குத் தெரியாது, செலவும் இல்லை. புரோசெசரின் சூடு அதன் வேகத்தோடும், வோல்ற்றேஜின் வர்க்கத்தோடும் கூடுகிறது. கணிதம் படிப்பிக்கிற உங்களுக்கு இது உடனே விளங்கும். வேகத்தை 10 வீதம் கூட்டுவதற்காக வோல்ற்றேஜையும் 10 வீதம் கூட்டினால் சூடு 1.1 இன் கனம், அதாவது 33 வீதம் கூடுகிறது. ரேர்போ பூஸ்ற் என்று புரோசெசர் தானாக எட்டிப் பிடிக்கிற கடைசிக் கொஞ்ச வேகத்துக்குத்தான் மிக அதிக சூடு செலவாகிறது. சூம் வகுப்புக்கு அந்த வேகம் தேவையே இல்லை.

விண்டோஸ் 11 இல் செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் அன்ட் பற்றரி என்று போய் பவர் மோடை பெஸ்ட் பவர் எஃபிஷியன்சி என மாற்றுங்கள். பழைய கொன்ட்ரோல் பனலில் பவர் ஒப்ஷன்ஸின் உள்ளே மெக்சிமம் புரோசெசர் ஸ்டேட் என்ற வரி தெரிந்தால், 100 ஐ 99 ஆக்குங்கள். ஒரே ஒரு வீதம்தானே என்று தோன்றும், ஆனால் பல இன்ரெல் கணினிகளில் அந்த 99 பூஸ்றை முழுதாக நிறுத்திவிடும், சூடு சட்டென்று இறங்கும். அதே இடத்தில் சிஸ்டம் கூலிங் பொலிசி என்று ஒன்று இருந்தால், அக்ரிவ் என்பது முதலில் விசிறியைக் கூட்டும், பசிவ் என்பது முதலில் புரோசெசரை மெதுவாக்கும். வகுப்பு நேரத்துக்குப் பசிவ் நல்லது. வோல்ற்றேஜையே குறைக்கிற மென்பொருள்கள் பற்றித் தம்பி சொல்லக்கூடும். 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ற் என்ற பாதுகாப்புக் குறை வெளிவந்த பிறகு பல கம்பனிகள் அந்த வழியைப் பூட்டிவிட்டன, அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

சூமிலும் சூடு இருக்கிறது. முகத்துக்குப் பின்னால் படம் போடுவதும் பின்னணியை மங்கலாக்குவதும் ஒவ்வொரு நொடியும் புரோசெசருக்கு வேலை. அதை நிறுத்திவிட்டு, பின்னால் ஒரு வெறும் சுவர் இருக்குமாறு அமருங்கள். எச்.டி. வீடியோவையும் நிறுத்துங்கள். வகுப்பு தொடங்கமுன் கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ராஸ்க் மனேஜர் திறக்கும். சி.பி.யு. என்ற தலைப்பைத் தட்டினால் எது அதிகம் தின்கிறது என்று வரிசையாகத் தெரியும். திறந்து மறந்த பிரவுசர் பக்கங்கள், வைரஸ் தேடல், இரவு ஏழு மணிக்கென்று வந்து சேர்கிற அப்டேட், இவைதான் வழக்கமாக அங்கே நிற்பவை.

சார்ஜ் ஏறுவதும் உள்ளே சூடுதான். ஆறரை மணிக்குள் சார்ஜை ஏற்றி முடித்துவிட்டு, பற்றரி தாங்குமானால் வகுப்பைப் பற்றரியில் நடத்துங்கள். பல கணினிகள் பற்றரியில் ஓடும்போது தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 2022 பங்குனிக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு இருந்தபோது எல்லோரும் பற்றரியை நூறிலேயே வைத்திருந்தோம், வேறு வழியும் இருக்கவில்லை. அந்தப் பழக்கம் இன்னும் பலரை விடவில்லை. உங்கள் லப்டொப்பில் வசதி இருந்தால் சார்ஜை 80 வீதத்தோடு நிறுத்திவையுங்கள்.

பிள்ளைகளின் காதுக்கு உடனடி மருந்து ஒன்று இருக்கிறது, இன்று இரவே செய்யலாம். லப்டொப்பின் மைக்ரோஃபோன் விசிறிக்குப் பக்கத்திலும் உங்கள் வாய்க்கு அரை மீற்றர் தூரத்திலும் இருக்கிறது. போனுக்கு வந்த, மைக் உள்ள வயர் இயர்ஃபோனை மாட்டினால் மைக் வாய்க்கு ஐந்து, பத்து சென்ரிமீற்றருக்குள் வந்துவிடும். தூரம் பத்தில் ஒன்றானால் உங்கள் குரல் 20 டெசிபெல் உயர்ந்து பதியும், விசிறிச் சத்தமோ உயராது. சூமின் ஓடியோ செட்டிங்ஸில் பின்னணிச் சத்தத்தை அடக்குகிற தெரிவை ஹை என்று வையுங்கள். மழையா என்ற கேள்வி இனி வராது.

இவ்வளவுக்கும் பிறகு விசிறியின் வேகத்தைத் தொட விரும்பினால், கம்பனி தந்த வழியே முதலில். உங்கள் மாதிரி என்னவென்று எழுதவில்லை, ஆகவே பொதுவாகச் சொல்கிறேன். லெனோவோ ஐடியாபாட் பலவற்றில் எஃப்.என். விசையோடு கியூவை அழுத்தினால் அமைதி, சமநிலை, வேகம் என்று மாறும். டெல்லின் பவர் மனேஜர் மென்பொருளில் குவயட் என்ற முறை உண்டு. ஏசுஸில் எஃப்.என். விசையோடு எஃப் எழுத்தை அழுத்த வேண்டும். எச்.பி. என்றால் தொடங்கும்போது எஃப்10 அழுத்திப் பயோஸுக்குள் போய், ஃபான் ஓல்வேய்ஸ் ஒன் என்பது தெரிவு செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்; பழையதாக வாங்கிய கணினிகளில் முந்தியவர் போட்டுவைத்த இந்தத் தெரிவு அப்படியே இருக்கும். இந்த முறைகள் விசிறியை மட்டும் குறைப்பதில்லை, புரோசெசரின் மின்னளவையும் சேர்த்துக் குறைக்கின்றன. அதனால்தான் பாதுகாப்பானவை.

தம்பி சொல்கிற வகை மென்பொருள்கள் அந்தக் கட்டுப்பாட்டுச் சில்லுக்குள் நேரே எழுதுகின்றன. திங்க்பாட்டுக்கு ரி.பி. ஃபான் கொன்ட்ரோல், மக்குக்கு மக்ஸ் ஃபான் கொன்ட்ரோல், மற்றப் பல லப்டொப்களுக்கு நோட்புக் ஃபான் கொன்ட்ரோல். கடைசியில் சொன்னது ஒவ்வொரு மாதிரிக்கும் ஒவ்வொரு கோப்பை வைத்திருக்கிறது. உங்கள் மாதிரியின் பெயர் அந்தப் பட்டியலில் இருந்தால் மட்டும் பாவியுங்கள். ஏறத்தாழ இதுதானே என்று பக்கத்து மாதிரியின் கோப்பைப் போட்டால், விசிறிக்கென்று எழுதுவது வேறேதோ இடத்தில் போய் விழும். இன்னோர் ஆபத்து, மென்பொருள் விசிறியை மெதுவாக்கிவிட்டுத் தானே செயலிழந்து நின்றுபோவது. விசிறி அந்த வேகத்திலேயே இருந்துவிடும். லினக்ஸில் திங்க்பாட் விசிறிக்கு 0 முதல் 7 வரை படிகள் உண்டு, ஆனால் அந்தக் கட்டுப்பாடு இயல்பில் பூட்டித்தான் வருகிறது. திறந்தாலும், 120 செக்கன் வரை நாம் வைக்கிற கெடுவுக்குள் மறு கட்டளை வராவிட்டால் பழையபடி தானியங்கிக்குத் திரும்புகிற காவல் ஒன்றை வைத்திருக்கிறார்கள். அந்த மென்பொருளை எழுதியவர்களே இவ்வளவு கவனமாக இருந்தார்கள் என்பதைத் தம்பிக்குச் சொல்லுங்கள்.

அப்படி வேகத்தை வகுக்கும்போது, சிறிய குறைப்பே போதும் என்பதை நினைவில் வையுங்கள். நிமிடத்துக்கு 4,500 சுற்று ஓடுகிற விசிறியை 3,600 ஆக்கினால் காற்று 20 வீதம்தான் குறைகிறது, சத்தமோ ஏறத்தாழ 5 டெசிபெல் இறங்குகிறது. காதுக்கு அது நன்றாகத் தெரியும். ஆகவே பூச்சியத்துக்குக் கொண்டுபோக அவசியமே இல்லை. கூடிக் குறைகிற சத்தத்தை நிறுத்த, ஏறுகிற படிக்கும் இறங்குகிற படிக்கும் இடைவெளி விடுங்கள். 65 பாகையில் வேகம் கூடினால், 57க்கு வந்த பிறகுதான் குறையட்டும். ஒரே அளவில் ஓடுகிற சத்தத்தைக் காது சீக்கிரம் மறந்துவிடும், ஏறி இறங்குவதைத்தான் மறக்காது. 80 பாகைக்கு மேல் எந்த மாற்றமும் செய்யாமல் கம்பனியின் அட்டவணைக்கே விட்டுவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை, இடையில் நினைவு வந்ததால். ஏ.சி. அறையில் வேலை செய்துவிட்டு லப்டொப்பை வெளியே கொண்டுவந்தவுடன் திறக்க வேண்டாம். 20 பாகைக்குக் குளிர்ந்த உலோகத்தின் மேல் நம்முடைய கடற்கரைக் காற்று உடனே நீராய்ப் படியும். பையை மூடியபடியே அரை மணி நேரம் விட்டு, பிறகு திறவுங்கள். விசிறி அந்த ஈரத்தை உள்ளே இழுத்தால், ஏற்கெனவே படிந்திருக்கிற உப்பு கரைசலாகிவிடும்.

துப்புரவுக்கு முன்பும் பின்பும் எச்.டபிள்யூ. இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்துவைத்து, ஒரே மாதிரியான வகுப்பு ஒன்றில் புரோசெசரின் உச்ச வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். நம்முடைய அறைகளில் சூம் ஓடும்போது 70 முதல் 85 வரை இருந்தால் கவலையில்லை. தகடுகள் சுத்தமாக இருந்தும், பூஸ்றை நிறுத்தியும் சில நிமிடங்களிலேயே 95ஐத் தொடுகிறதென்றால், புரோசெசருக்கும் செம்புக்கும் இடையில் உள்ள தேர்மல் பேஸ்ற் காய்ந்திருக்கும். பழையதாக வாங்கிய கணினிக்கு இது வழக்கமானது. மாற்றச் சொல்லுங்கள், பழைய பசையை ஐசோபுரோப்பைல் அல்ககோலால் முழுதாகத் துடைத்த பிறகே புதியதை வைக்கச் சொல்லுங்கள். விசிறி இரைவதை விட்டுக் கரகரவென்று உராய்ந்தால் பெயரிங் போய்விட்டது, அதற்கு எந்த மென்பொருளும் இல்லை. விசிறியையே மாற்ற வேண்டும். கொழும்பிலிருந்து எடுப்பிக்கும்போது லப்டொப்பின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. கழற்றிய விசிறியின் முதுகில் ஒட்டியிருக்கிற இலக்கத்தையும், அதன் வயரில் எத்தனை இழை இருக்கிறது என்பதையும் போனில் படமெடுத்து அனுப்புங்கள். ஒரே மாதிரி லப்டொப்பில் இரண்டு வகை விசிறி வருவதுண்டு, துளைகள் பொருந்தாமல் திரும்ப அனுப்பினால் இன்னொரு கிழமை போய்விடும்.